கித்துல்கலையில் செத்துப்போகும் ஏசி

குளிர் விடாத மலைநாட்டு அட்டனில் ஒருவன் கார் ஏசி வேலை செய்யவில்லை என்று துப்பறியும் ஆளைத் தேடி வந்தால், அவனுக்குச் சூடாக ஒரு பிளேன்டீ கொடுத்து, உட்கார வைத்து, நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மனிதத்தன்மை. நிரஞ்சன் பிளேன்டீயைக் கொடுத்துவிட்டான். நெற்றியைத் தொடலாமா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான். மணி பதினொன்றரை. ஜன்னலுக்கு வெளியே மழையிலும் மூடுபனியிலும் எதிர்க்கடை போர்டையே காணோம். நிரஞ்சனே ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, இரண்டு கையையும் கக்கத்தில் சொருகியிருந்தான்.

"அண்ணே, ஏசி ரிப்பேர்னா கராஜுக்குப் போகணும். நாங்க காணாமப் போன ஆளைத்தான் தேடுவோம். காணாமப் போன குளிரைத் தேடுறதில்ல. அதுவும் அட்டன்ல."

"நிரஞ்சா," என்றாள் பூரணி.

அந்த ஒரு வார்த்தைக்கு 'வாயை மூடு' என்று அர்த்தம். ஆறு வருஷமாக அவளிடம் வேலை பார்க்கிறவனுக்கு அது தெரியும். தெரிந்தும் மூடுவதில்லை. பூரணி ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டவள். எது தானாக உடைந்தது, எதை ஆள் உடைத்தான் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள் என்று பேர் எடுத்தவள். அந்தப் பேரை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டு, பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு மேசையையும் நிரஞ்சனையும் நிரஞ்சனின் ஆட்டோவையும் வைத்து விசாரணை நிலையம் நடத்துகிறாள்.

வந்தவர் ஜீவராஜ். ஐம்பதை நெருங்கிய ஆள். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, ஊசி போட்டு ஓய்வு பெற்ற டிஸ்பென்சர் கணேசமூர்த்தி ஐயாவுக்கு டிக்கோயாவில் இருபத்திரண்டு வருஷமாக டிரைவர். ஐயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. கொழும்பில் ஆப்பரேசன். இரண்டு தடவை தேதி கொடுத்து, இரண்டு தடவையும் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள்.

"ரெண்டு தடவையும் ஏசிதாங்க மிஸ்," என்றார் ஜீவராஜ். "டிக்கோயாவுல ஜம்முனு வேல செய்யும். கினிகத்தேனை வரைக்கும் ஜில்லுனு வரும். கித்துல்கலையில டீ குடிக்க நிப்பாட்டிட்டு ஏறுனா செத்துப் போயிரும். ஆப்பரேசனுக்கு முன்னால கண்ணுல தூசு படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, கண்ணாடியைத் தொறக்க முடியாது. யட்டியந்தோட்டை தாண்டுறதுக்குள்ள ஐயாவுக்கு வேர்த்து ஊத்தும். 'நெஞ்ச அடைக்குதுடா, வீட்டுக்கு விடு'ம்பாரு. நிப்பாட்டி என்னா ஏதுன்னு பார்க்கவும் விட மாட்டாரு. திருப்பிருவோம். வீட்டுக்கு வந்து பார்த்தா ஏசி மறுபடியும் நல்லா ஓடுது."

"கீழ்நாட்டுக்கு எறங்குனா அதுக்கே வேர்க்குது போல," என்றான் நிரஞ்சன்.

ஜீவராஜ் சிரிக்கவில்லை. பிளேன்டீயையும் தொடவில்லை.

"கித்துல்கலையில நான் பொனட்டைத் தொறந்து தண்ணி பார்ப்பேங்க. பழைய வண்டி, பார்க்காம இருக்க முடியாது. அதை வச்சு, நான்தான் எதையோ கழட்டிவிடுறேன்னு ஐயாவோட மக தனுஜா டீச்சர் சொல்றாங்க. எப்பவோ ஒருநாள், 'இந்தக் காரை விக்கிறதா இருந்தா எனக்கே குடுங்க'ன்னு கேட்டுட்டேன். அதுக்காக வண்டி மேல வெறுப்பு வரவைக்கிறேனாம். நேத்து கராஜுல நாலு பேருக்கு முன்னால சாவியைப் புடுங்கிட்டாங்க. நாளைக்குக் காலையில மூணாவது தேதி. அதுக்கு வேற டிரைவராம், நான் இதோட போயிரணுமாம். வேல போனாப் போவுது மிஸ், ஏதாவது லொறி ஓட்டிப் பொழைச்சுக்குவேன். கள்ளன்னு பேரு வாங்கிட்டு எப்படிங்க அந்த ரோட்டுல நடக்கிறது?"

நிரஞ்சனுக்குத் தன் நக்கலை நினைத்து வெட்கமாக இருந்தது. பூரணி கேட்டாள்:

"இப்ப கார் எங்க இருக்கு?"

"கராஜுல. பாஸ் கடைசியா ஒருக்கா செக் பண்ணிட்டு அவரே கொண்டுபோய் விடுவாரு. என் கையால தொடவே கூடாதுன்னுட்டாங்களே."

"அப்ப இங்கயே உட்காருங்க. மழை விடட்டும், எங்க ஆட்டோவுலயே போவோம்."

மழை விட ஒன்றரை மணியாயிற்று. அதுவரை ஜீவராஜ் அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை.

*

டிக்கோயா ரோட்டோரம் பத்திநாதன் பாஸின் கராஜ். பாஸ் என்றால் முதலாளி இல்லை, மேஸ்திரி. கையில் எப்போதும் ஸ்பேனர், வாயில் எப்போதும் குறை.

"இந்த ஊருல ஏசி வச்சிருக்கிறவங்க எல்லாருமே கிறுக்கனுங்க மிஸ்," என்று ஆரம்பித்தார். "வருஷத்துல ரெண்டு தடவை கொழும்புக்குப் போவாங்க, அன்னைக்கு மட்டும் பொத்தானை அமத்துவாங்க. ஏசின்னா வாரத்துக்கு ஒரு பத்து நிமிஷமாச்சும் ஓடணும். ஓடலைன்னா உள்ள இருக்கிற ரப்பர் காஞ்சு கேஸ் கசியும். குளிருதுன்னு அதைப் போட மாட்டாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து ஒப்பாரி. ஆனா ஜீவராஜ் அப்படி இல்ல. ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல பாருங்க. கண்ணாடி எல்லாத்தையும் ஏத்திட்டு, குல்லா, மப்ளர், கம்பளி எல்லாம் போட்டுக்கிட்டு, உள்ள ஏசியைப் போட்டு நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். பார்க்கிறவங்க எல்லாம் சிரிப்பாங்க."

"இன்னைக்குச் செக் பண்ணினீங்களா?"

"பண்ணாமலா? தொண்ணூத்தாறாம் வருஷத்து வண்டின்னு சொன்னா நம்ப மாட்டீங்க. கேஸ் முழுசா இருக்கு, கம்ப்ரசர் நல்லா புடிக்குது. பன்னெண்டு மணிக்கு நானே ஓட்டிட்டுப் போய் ஐயா வீட்டு ஷெட்டுல விட்டேன். ஏசி ஓடுனா அடியில தண்ணி சொட்டும் இல்லையா, கராஜுக்குள்ள காஞ்ச தரையிலயே சொட்டுச்சு, ஷெட்டுல நிப்பாட்டுற வரைக்கும் சொட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. டீச்சர் ஸ்கூல்ல. சாவியை ஐயா கையில குடுத்தேன். பாவம், என் கை எங்க இருக்குன்னே தெரியல அவருக்கு. தடவித்தான் வாங்கினாரு."

ஆட்டோவில் ஏறியதும் நிரஞ்சன் பூரணியின் காதருகே குனிந்தான்.

"அக்கா, எனக்கு விளங்கிருச்சு. பாஸ்தான் ஆளு. வண்டி கெட்டாத்தானே அவருக்குப் பொழப்பு?"

"அப்ப ரெண்டு தடவையும் செக் பண்ணி, 'ஒரு பழுதும் இல்ல'ன்னு ஏன் திருப்பி அனுப்பினாரு?"

நிரஞ்சன் ஆட்டோவைக் கிளப்பினான். கண்டுபிடிப்பைக் கராஜ் வாசலிலேயே இறக்கிவிட்டான்.

*

ஐயாவின் வீடு ரோட்டுக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷெட், அதற்குள் வெள்ளைக் கார். முப்பது வயதுக் கார் என்று சொல்ல முடியாது, கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தது. தனுஜா டீச்சர் சேலை மாற்றக்கூட நேரமில்லாமல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றாள். ஜீவராஜைப் பார்த்ததும் முகம் இறுகியது. அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"டிரைவரே ஆள் வச்சுத் தேடுறாரா?" என்றாள். "ஏசி இப்ப நல்லாத்தான் இருக்கும். வேணும்னா பார்த்துக்கங்க. நாளைக்கு கித்துல்கலையில என்னா நடக்குதுன்னு நான் பார்க்கிறேன்."

சாவியை வாங்கி நிரஞ்சன் உள்ளே உட்கார்ந்தான். என்ஜினைக் கிளப்பி, ஏசி பொத்தானை அமுக்கினான். அந்தப் பொத்தானுக்குள் எரிய வேண்டிய சின்ன லைட் எப்போதோ செத்துப் போயிருந்தது. காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தான்.

"ஐயோ அக்கா, ஐஸ். விரலே மரத்துப் போச்சு. இது ஏசி இல்ல, நுவரெலியா."

"நான் சொன்னேன்ல," என்றாள் தனுஜா.

பூரணி கையில் இருந்த பத்திரிகைத் தாளைக் காருக்கு அடியில் விரித்தாள். பத்து நிமிஷம் ஓடட்டும் என்றாள். தனுஜா புடவைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு நின்றாள். நிரஞ்சனுக்கு உள்ளே பல் கிட்டியது. காத்திருக்கும் பத்து நிமிஷம்தான் துப்பறியும் வேலையிலேயே மோசமான நேரம்; ஒன்றும் நடக்காது, ஆனால் கவனமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்து நிமிஷம் கழித்து பூரணி சொன்னாள்: "இப்ப ஏசியை ஆஃப் பண்ணு. ஃபேன் மட்டும் ஓடட்டும். கையை வச்சுப் பாரு."

நிரஞ்சன் பொத்தானை அமுக்கி ஏசியை நிறுத்தினான். கையை வைத்தான். எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்தான்.

"அக்கா, அதே ஐஸ்தான் வருது."

"வரும். வெளியில இருக்கிற காத்தைத்தானே ஃபேன் உள்ள தள்ளுது. இந்த ஊருல எந்த வண்டியில கையை வச்சாலும் ஏசி வேல செய்யுற மாதிரித்தான் இருக்கும்." அவள் குனிந்து பத்திரிகைத் தாளை உருவித் தனுஜாவிடம் நீட்டினாள். "பன்னெண்டு மணிக்கு பாஸ் விட்டப்ப தண்ணி சொட்டிச்சு. இப்ப பத்து நிமிஷம் ஓடியும் ஒரு சொட்டு இல்ல. ஏசி கித்துல்கலையில சாகல டீச்சர். இங்கேயே செத்துப் போச்சு. கினிகத்தேனை வரைக்கும் உங்களுக்குக் குளிரு குடுத்தது மலை. மலை முடிஞ்ச இடத்துல வெக்கை தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ஜீவராஜ் அண்ணன் பொனட்டைத் தொறந்திருக்காரு, அவரு தலையில விழுந்துச்சு."

தனுஜா தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இங்க வச்சே கழட்டியிருப்பாரு," என்றாள். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

"எப்ப? பதினொன்றரையிலருந்து அவர் எங்க ரெண்டு பேருக்கு முன்னாலதான் உட்கார்ந்திருந்தாரு. கார் இங்க வந்தது பன்னெண்டுக்கு. நாங்கதான் சாட்சி."

நிரஞ்சனுக்கு மயிர் கூச்செறிந்தது. ஆறு வருஷ வேலையில் அவன் சாட்சியாக ஆனது இதுதான் முதல் தடவை, அதுவும் பிளேன்டீ போட்டுக் கொடுத்ததற்காக.

பூரணி டிரைவர் சீட்டுப் பக்கம் மண்டியிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே டார்ச் அடித்தாள். பியூஸ் பெட்டி. அதன் மூடியில் எந்த பியூஸ் எதற்கு என்று வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தது. எழுத்து முழுக்கத் தலைகீழாக நின்றது. மூடியைக் கழற்றினாள். மேல்வரிசையில் ஏசிக்கான இடம் மட்டும் காலி, பல் விழுந்த மாதிரி. அவள் அந்த மூடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனுஜாவிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வி நிரஞ்சனுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாததாகத் தோன்றியது.

"டீச்சர், ரெண்டு தடவையும் வண்டியைத் திருப்பச் சொன்னது யாரு?"

"அப்பாதான். அவருக்குத்தானே முடியல."

"அப்பாகிட்ட ஜீவராஜை நிப்பாட்டப் போறதைச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. ஆப்பரேசனுக்கு முன்னால எதுக்கு மனசைக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"நான் அவரோட கொஞ்சம் பேசணும்," என்றாள் பூரணி.

*

கணேசமூர்த்தி ஐயா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கம்பளித் தொப்பி, மடித்த போர்வை, மடியில் ரேடியோ. காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார்.

"ரெண்டு பேரு. ஒருத்தன் காலைத் தேய்ச்சுக்கிட்டு நடக்கிறான். யாருடா அது?"

"நிரஞ்சன் ஐயா. அட்டன்."

"மூக்கு அடைச்சிருக்கு. ஆவி புடி."

"சரிங்க ஐயா," என்றான் நிரஞ்சன். வந்த இடத்தில் வைத்தியமும் ஆயிற்று.

பூரணி எதிரில் உட்கார்ந்தாள். கண் எப்படி இருக்கிறது, நாளைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள் என்று கேட்டாள். ஐயா எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். நாளை என்ற வார்த்தை வந்த ஒவ்வொரு தடவையும் ரேடியோக் குமிழைத் திருகினார். ரேடியோ ஓடவே இல்லை.

"நாளைக்கு ஜீவராஜ் வர மாட்டாருங்க ஐயா," என்றாள் பூரணி. "வேற டிரைவர்."

"ஏன், அவனுக்கு என்னா?"

"ஏசியைக் கெடுத்தது அவர்தான்னு பேராயிருச்சு. கராஜுல நாலு பேருக்கு முன்னால சாவியைப் புடுங்கியாச்சு. இப்ப கேட்டுக்கு வெளியில நிக்கிறாரு. உள்ள வர மாட்டேங்கிறாரு."

ஐயாவின் கை குமிழில் நின்றது. வெளிறிய கண்கள் இரண்டும் அவளை நோக்கித் திரும்பி, எதையும் பிடிக்க முடியாமல் அலைந்தன.

"ஜீவராஜையா? எவன் சொன்னான்?"

"ஐயா, பியூஸ் மூடியைத் தலைகீழா மாட்டியிருக்கு," என்றாள் பூரணி, மெதுவாக. "இருபத்திரண்டு வருஷம் அந்தக் காரைப் பார்த்த டிரைவர் அப்படி மாட்ட மாட்டாரு. கராஜ்காரர் மாட்ட மாட்டாரு. டீச்சர் மாட்ட மாட்டாங்க. எழுத்து கண்ணுக்குத் தெரியுற யாரும் மாட்ட மாட்டாங்க."

நிரஞ்சனுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஐயா போர்வைக்குள் கையை விட்டார். சட்டைப் பையிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். ஊசி மருந்துக் குப்பியைப் பிரிப்பது போலப் பதனமாகப் பிரித்தார். உள்ளே நகத்தளவு நீல பியூஸ்.

"அவன்தான் ஒருநாள் காட்டிக் குடுத்தான், எது எதுக்குன்னு," என்றார். "மேல்வரிசையில இடப்பக்கம் மூணாவது. விரலாலயே எண்ணி எடுத்திருவேன். திரும்பி வந்ததும் மாட்டிருவேன். யாருக்கும் பழுது இல்லன்னு நெனச்சேன். ஏசியைத்தானே திட்டுவாங்கன்னு நெனச்சேன்."

"ஏன் ஐயா?"

"பயமா இருக்கும்மா." அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "கண்ணுக்குள்ள கத்தி வைப்பாங்கன்னு நெனச்சாலே எனக்குக் கை கால் ஓடல. நாப்பது வருஷம் தோட்டத்து சனத்துக்கெல்லாம் ஊசியைக் குத்திக்கிட்டே, 'ஒண்ணும் செய்யாது, எறும்பு கடிச்ச மாதிரித்தான்'னு சொன்னவன் நான். எனக்குப் பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அந்த எறும்பை நிரஞ்சனுக்கும் தெரியும். ஏழு வயதில் அவன் கையைக் கடித்த எறும்புக்கு யானை பலம் இருந்தது. ஆனாலும் நழுவிய போர்வையை எடுத்து இந்த மனிதனின் மடியில் சரியாகப் போட்டுவிட்டான்.

வாசலில் தனுஜா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"என்னை அப்புறமாத் திட்டு," என்றார் ஐயா, அவள் இருந்த திசைக்கு. "மொதல்ல அவன்கிட்டப் போ."

*

தனுஜா கேட்டைத் தாண்டிப் போனாள். மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் ஜீவராஜ் மதில் ஓரமாக நனைந்துகொண்டு நின்றார்.

"நான் பெரிய தப்புப் பண்ணிட்டேண்ணே. மன்னிச்சிருங்க."

ஜீவராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க நாம மட்டும் இருக்கிறப்ப சொல்றீங்க டீச்சர். அன்னைக்கு நாலு பேருக்கு முன்னாலல்ல சொன்னீங்க."

நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற டீச்சர் அவள். போனை எடுத்தாள், கராஜுக்கு அடித்தாள், சத்தத்தைக் கூட்டினாள்.

"பாஸ், நான் தனுஜா டீச்சர். ஜீவராஜ் அண்ணன் எதையும் கழட்டல. அவர் மேல ஒரு குத்தமும் இல்ல. நான் சொன்னது பொய்யி."

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. "அப்படியா டீச்சர்," என்றார் பத்திநாதன். "கொஞ்சம் இருங்க, இங்க இருக்கிறவங்களை எல்லாம் கிட்டக் கூப்பிடுறேன். இன்னொருக்கா சொல்லுங்க."

அவள் இன்னொருக்கா சொன்னாள். முதல் தடவையை விடச் சத்தமாகச் சொன்னாள். ஜீவராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கேட்டுக்குள் வந்தார்.

ஐயா அதற்குள் சுவரைத் தடவித் தடவி ஷெட்டுக்கே வந்துவிட்டிருந்தார். உள்ளங்கையில் பியூஸ்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா," என்றார் ஜீவராஜ். கோபம்தான், ஆனால் கோபத்தை விட வருத்தம் அதிகம்.

"நீ என்னை ரொம்பத் தைரியசாலின்னு நெனச்சிக்கிட்டு இருக்கியேடா."

"யாரு சொன்னா அப்படி?"

பூரணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ஜீவராஜ் ஐயாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, அவர் விரலைப் பிடித்துப் பியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோனார். ஐயாவே மாட்டினார். மூடியை மட்டும் ஜீவராஜ் வாங்கி, எழுத்து நேராக இருக்கும்படி அமுக்கினார். என்ஜினைக் கிளப்பிப் பொத்தானை அமுக்கியதும் உள்ளே எங்கேயோ 'டக்' என்றது. கார் ஒரு கணம் திணறி, மறுபடி நிதானத்துக்கு வந்தது. இந்தத் தடவை வந்த காற்று வேறு காற்று. ஐயாவின் இரண்டு கையும் நடுங்க ஆரம்பித்தன.

"டேய் ஜீவராஜ். ஆப்பரேசன் ரூமுக்குள்ள உன்னை விடுவாங்களாடா?"

"கதவு வரைக்கும் விடுவாங்க ஐயா."

"அங்கயும் கை இப்படித்தான் நடுங்கும். பார்க்கிறவங்க என்னா நெனைப்பாங்க?"

ஜீவராஜ் அந்த இரண்டு கையையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

"வர்ற வழியெல்லாம் ஏசி ஜாஸ்தின்னு நான் சொல்லிர்றேன் ஐயா."